தாண்டிவிட்டால் முழுச் சுற்று

செம்பாக்கம்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தயா,

இன்று காலை எழுந்ததும் முதலில் கார் ஷெட்டுக்குப் போய், ஸ்டாண்டில் நிற்கும் இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றினேன். அதற்குப் பிறகுதான் பல் தேய்த்தேன், அடுப்பில் பால் வைத்தேன். நீங்கள் கோயம்புத்தூர் போன மறுநாளிலிருந்து இப்படித்தான். "ஏரிக் காத்து, வல்லி. சுத்தாம வுட்டா துரு ஏறி ரிங்கு புடிச்சிக்கும்" என்று பஸ் படியில் நின்றுகொண்டு சொன்னீர்கள். வேறு எதையும் நீங்கள் சொல்லிவிட்டுப் போகாததால், சொன்ன அந்த ஒன்றை மறக்காமல் செய்துகொண்டிருக்கிறேன்.

நான் கடிதம் எழுதுவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். போனில் ஆரம்பித்தால் இப்போதெல்லாம் யார் முதலில் வைப்பது என்பதில்தான் முடிகிறது. எப்படியும் பாகங்கள் ஆம்னி பஸ் பார்சலில் போய் வரப் போகின்றன. பெட்டிக்குள் ஒரு காகிதமும் போகட்டும். காகிதத்தில் கத்த முடியாது.

சிலிண்டர் ஹெட் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. காற்று போய் வரும் துளைகளைத் தேய்த்த போர்ட் வேலை சுத்தமாக இருக்கிறது. விரலை விட்டுப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை. இனி கேம் ஷாஃப்ட் ஒன்றுதான் பாக்கி. அதாவது, நம் பழைய சண்டை ஒன்றுதான் பாக்கி.

கம்பெனி கேண்டீனில் ஏஞ்சல் கேட்டாள். என்னோடு இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் புதிதாகச் சேர்ந்த பெண், உங்களைப் பார்த்ததில்லை. "அப்படி என்னக்கா அந்த கேமுல இருக்கு? வீட்ல சண்டை வர்ற அளவுக்கு?" என்றாள். சொன்னேன். வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்தே இருக்க வேண்டும் என்பதை அந்தத் தண்டிலுள்ள மேடுகள்தான் முடிவு செய்கின்றன. 256 என்ற எண் போட்ட கேம் கொஞ்ச நேரம் திறக்கும். சிக்னலில் அமைதியாக நிற்கும், வேகம் ஏற ஏற மூச்சு வாங்கும். 288 நீண்ட நேரம் திறந்து வைக்கும். சிக்னலில் இருமும், அணைந்துபோகும். ஐயாயிரம் சுற்றைத் தாண்டிவிட்டால் கையில் பிடிக்க முடியாது. என் வீட்டுக்காரருக்கு 288 வேண்டும், எனக்கு 256 போதும் என்றேன்.

"அது தெரியுதுக்கா" என்றாள். "கேமைப் பத்திச் சொல்றீங்களா, உங்க ரெண்டு பேரைப் பத்தியான்னு சொல்லுங்க."

அவளுக்கு வாய் அதிகம்.

ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் டைம் ட்ரயல். இந்த இன்ஜினைப் பூட்டி நம் எஸ்டீம் காரைக் கொண்டுபோவது என்று நாம் முடிவு செய்தது போன வருஷம். ஒரே ஒரு சீசன் அந்த ரேஸ் டீமில் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று நீங்கள் முடிவு செய்தது ஜூனில். இரண்டு முடிவும் இன்னும் நிற்கின்றனவா என்று எழுதுங்கள்.

சுந்தரவல்லி


கோயம்புத்தூர்
20 ஆகஸ்ட் 2024

வல்லி,

பெட்டியில் இருப்பது 288. முறைக்காதே. இங்கே டீமுக்கு கேம் அரைத்துத் தருபவர் நமக்காகத் தனியாக அரைத்துக் கொடுத்தார். மேட்டின் பளபளப்பைப் பார். கண்ணாடி தேவையில்லை, அதில் தலை வாரிக்கொள்ளலாம்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வண்டி அணைந்துவிடும் என்று நீ சொல்லப் போகிறாய். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்காகவா ஒருத்தன் இன்ஜின் கட்டுவான்? அங்கே நிற்க ஷேர் ஆட்டோ போதும்.

ஹெட்டைப் பூட்டி, பெல்ட் போட்டு, டிகிரி தட்டு வைத்து அளந்து அனுப்பு. இன்டேக் மேட்டின் உச்சி 108 டிகிரியில் வர வேண்டும். பிஸ்டன் மேல் களிமண் வைத்து வால்வு இடிக்கிறதா பார்த்துவிடு. கிராங்க் திருப்ப வெல்டிங் கடை குப்புராஜைக் கூப்பிட்டுக்கொள். தனியாகச் செய்யாதே, அது இரண்டு பேர் வேலை.

இங்கே வேலை அதிகம். ஆனால் நல்ல வேலை. நான் சொன்னால் நான்கு பேர் கேட்டுக்கொள்கிறார்கள். நம் கம்பெனியில் இருபது வருஷம் லேத்தில் நின்றபோது என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை, இன்ஸ்பெக்‌ஷன் ரூம் மேடத்தைத் தவிர. அவளும் "இது ரிஜெக்ட்" என்றுதான் பேச்சை ஆரம்பித்தாள்.

நீ கேட்ட மற்ற விஷயத்தை யோசித்து எழுதுகிறேன்.

தயா


செம்பாக்கம்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள தயா,

288 அழகாக இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பெருங்களத்தூரில் பார்சலை வாங்கி ஸ்கூட்டியில் கால் நடுவே வைத்துக்கொண்டு வந்தேன்; ஒவ்வொரு வேகத்தடையிலும் கையால் தடவிப் பார்த்தேன்.

அதனால் ஒன்று சொல்கிறேன். 288 இருக்கட்டும். நான் விட்டுக்கொடுக்கிறேன். சிக்னலில் அணைந்தால் அணையட்டும், பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்கட்டும். நீங்கள் வாருங்கள், வண்டியை டிரக்கில் ஏற்றியே டிராக்குக்குக் கொண்டுபோவோம். பூட்டியதும் முதல் ஓட்டம் மட்டும் வழக்கம் போல் திருநீர்மலை வரை. அடிவாரத்தில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்துவிடலாம். அதுவரைக்கும் அணையாமல் போனால் போதும்.

அளவுகள்: களிமண்ணை வெட்டிப் பார்த்ததில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே தேவையான இடைவெளி இருக்கிறது. மேட்டின் உச்சிதான் சரியாக வரவில்லை. 108-க்குப் பதில் 104 காட்டுகிறது. இரண்டு தடவை பார்த்துவிட்டேன். தண்டை அரைத்தவர் தவறு செய்திருப்பாரோ? புல்லியை நகர்த்திச் சரிசெய்து விடவா?

குப்புராஜ்தான் கிராங்க் திருப்பினான். ஒழுங்காகத்தான் திருப்பினான். "இன்னாக்கா, வெல்டிங் கடையைத் தொறந்து போட்டுட்டு வந்து கடிகாரத்துக்குச் சாவி குடுத்துகினு கீறேன்" என்று புலம்பினான்.

நான் கேட்ட மற்ற விஷயத்தை யோசித்துவிட்டீர்களா?

சுந்தரவல்லி


கோயம்புத்தூர்
15 செப்டம்பர் 2024

வல்லி,

புல்லியைத் தொடாதே. தண்டில் தவறில்லை. இங்கேயே அளந்துதான் அனுப்பினேன்.

நீ தனியாகச் செய்திருக்கிறாய்.

மறுத்து எழுதாதே. ஒரு கையால் கிராங்க்கைத் திருப்பிக்கொண்டே எட்டி டயலைப் பார்த்திருக்கிறாய். முள் வர வேண்டிய இடத்தைத் தாண்டியிருக்கும். தாண்டியதும் பின்னால் திருப்பி, குறிக்குக் கொண்டுவந்திருக்கிறாய். பின்னால் திருப்பினால் பெல்ட் தொய்ந்துபோகும், கிராங்க் நகரும், கேம் உடனே நகராது. அந்த நான்கு டிகிரி அதுதான். தாண்டிவிட்டால் பின்னால் திருப்பக் கூடாது, முன்பக்கமாகவே முழுச் சுற்று போய் மறுபடி அந்த இடத்துக்கு வர வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அளவுக் கருவிகளைப் பற்றி நீ அன்றைக்கு எடுத்த வகுப்பில் எனக்குத் தூக்கம் வந்தது, ஆனால் இந்த ஒன்று நின்றுவிட்டது.

இரண்டு பேர் இருந்தால் இந்தத் தவறு வராது. நான் திருப்புவேன், நீ முள்ளைப் பார்த்து "நில்லு" என்பாய். உன் "நில்லு"வுக்கு நான் ஒருநாளும் தாண்டியதில்லை. குப்புராஜ் திருப்பியிருந்தாலும் நான்கு டிகிரி வராது, நாற்பது வந்திருக்கும்.

எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய் என்று படிக்கும்போது என்னவோ போல் இருந்தது.

ஆயுத பூஜைக்கு வரப் பார்க்கிறேன். வந்ததும் இருவரும் சேர்ந்து அளந்துவிடலாம். அதுவரை அப்படியே விட்டுவை.

தயா


செம்பாக்கம்
13 அக்டோபர் 2024

அன்புள்ள தயா,

ஆயுத பூஜை முடிந்தது. உங்கள் போனும் வந்தது. பிராக்டிஸ் இருக்கிறது, இரண்டு காரின் இன்ஜினுக்கும் நீங்கள்தான் பொறுப்பு, நடுவில் விட்டுவிட்டு வர முடியாது என்றீர்கள். நான் "சரி" என்றேன். அந்தச் "சரி"யை நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நம்பியிருந்தால் அது இன்னும் மோசம்.

காலையிலேயே ஷெட்டைக் கழுவிவிட்டேன். டார்க் ரெஞ்ச், டயல் கேஜ், டிகிரி தட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். இன்ஜினுக்கு மாலை. உங்கள் ஸ்பானர் செட்டைத் திறந்தபோது 14-ஆம் நம்பர் இல்லை, அதைக் கொண்டுபோயிருக்கிறீர்கள். ஒரு சீசனுக்குப் போகிறவர் ஒரு ஸ்பானரைத்தான் எடுத்துப் போவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குப்புராஜ் பொரியோடு வந்தான். வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு, "அண்ணன் வந்துகீறாரா?" என்றான். அது நீங்கள் விட்டுப்போன செருப்பு. நான்தான் வாசலில் வைத்திருக்கிறேன், பெண் தனியாக இருக்கும் வீடு என்று தெரிய வேண்டாமே என்று.

"வரலைடா. வேலை."

"இன்னாக்கா இது. பேஜாரா கீது. பூஜை போட்டுகினு இருக்கசொல்ல மனுசன் இல்லன்னா, இந்த இன்ஜினுக்கு நல்லாவா இருக்கும்?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வுடுக்கா. கோயம்புத்தூர்ல தண்ணி நல்லா இருக்குமாம். தண்ணி குடிச்சி முடிச்சிட்டு வரும்" என்றான். சிரித்தேன். அவன் போன பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, கழற்ற மறந்த கண்ணாடி மாதிரி.

உங்கள் அக்கா மதியம் வந்தார்கள். ஸ்டாண்டில் மாலையோடு நின்ற இன்ஜினைப் பார்த்து, "புள்ள இல்லாத வீட்ல இதுக்குத் தொட்டில் கட்டியிருக்கீங்க" என்றார்கள். நீங்கள் இருந்தால் ஏதாவது சொல்லி வாயை அடைத்திருப்பீர்கள். நான் சுண்டல் கொடுத்தேன்.

தயா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீங்கள் இங்கே வருவது கஷ்டம் என்றால் நான் அங்கே வருகிறேன். அளவுக் கருவி தெரிந்தவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைக்காமலா போய்விடும். வீட்டை வாடகைக்கு விடலாம். இன்ஜினையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். ஜனவரி, டைம் ட்ரயல், எதுவும் முக்கியமில்லை. 288-ஆ 256-ஆ என்பதும் முக்கியமில்லை.

நீங்கள் "வா" என்று எழுத வேண்டும். அது மட்டும் போதும். அழைக்காத இடத்துக்குப் போய் நிற்க எனக்குத் தெரியாது.

சுந்தரவல்லி


கோயம்புத்தூர்
29 அக்டோபர் 2024

வல்லி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டேன்.

பெட்டியில் 256 இருக்கிறது. நீ சொன்னதுதான் சரி. எப்போதுமே சரிதான், நான்தான் பிடிவாதம் பிடித்தேன். 256-ஐப் போடு. காலையில் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகும். ராஜகீழ்ப்பாக்கத்தில் அணையாது, கேம்ப் ரோட்டில் அணையாது. மழையில் ஸ்கூட்டியில் நனையாமல் கம்பெனிக்குப் போய் வரலாம். ஏசி போட்டாலும் இழுக்கும். அளக்கும்போது யாரையாவது துணைக்கு வைத்துக்கொள். இந்த கேமுக்கு ஓரிரு டிகிரி முன்பின் ஆனாலும் பாதகமில்லை. அதற்காகவும்தான் இது.

டீமில் மூன்று வருஷத்துக்கு இருக்கச் சொன்னார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். கேட்டிருந்தால் நீ "சரி" என்றிருப்பாய், அந்தச் "சரி"யை நான் தாங்கியிருக்க மாட்டேன்.

இங்கே வேறு யாரும் இல்லை. உன் மனதில் அது ஓடும் என்பதால் எழுதுகிறேன். ஒரு சின்ன அறை, ஒரு ஃபேன். வேலை முடிந்து வந்து கதவைச் சாத்தினால் என்னிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று ஒரு நிம்மதி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வீட்டில் ஒவ்வொரு வருஷமும் நாம் எதற்காகவோ காத்துக்கொண்டே இருந்தோம். முதலில் குழந்தைக்கு. அப்புறம் காருக்கு. உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஏதோ பாக்கி வைத்திருப்பது போல் இருக்கும். நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

நீ நல்லவள், வல்லி. உன்மேல் எந்தக் குறையும் இல்லை.

நீ எழுதச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை எழுதிப் பார்த்தேன். அந்தக் காகிதத்தையும்தான் கிழித்தேன்.

14-ஆம் நம்பர் ஸ்பானரைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். செட் முழுசாக இருக்கட்டும்.

தயாளன்


செம்பாக்கம்
17 நவம்பர் 2024

தயா,

கோபம் வந்தால் மட்டும்தான் உன்னை "நீ" என்பேன், உனக்குத் தெரியும். இன்று கோபம் இல்லை. "நீங்கள்" என்று எழுத வரவில்லை, அவ்வளவுதான்.

256 வந்து சேர்ந்தது. தீபாவளிக் கூட்டத்தில் பார்சல் எங்கோ கிடந்து, பெட்டி ஒரு மூலையில் நசுங்கி வந்தது. உள்ளே எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. நன்றாகச் சுற்றி அனுப்பியிருந்தாய்.

எத்தனையோ வருஷம் அந்தக் கேமுக்காக உன்னோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். சாப்பிடும்போது, துணி காயப்போடும்போது, ஒருமுறை உன் சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பந்தியில்கூட. நீ இலையை மடித்துவிட்டு எழுந்து போனாய், ரசத்துக்கு முன்னாலேயே. "ஒருநாள் நீயே 256 போடுன்னு வந்து சொல்லுவ" என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். இப்போது சொல்லிவிட்டாய். பெட்டியைத் திறந்து அந்த எண்ணைப் பார்த்தவுடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. கடிதத்தை மறுநாள்தான் படித்தேன்.

288 வேண்டும் என்று நீ சண்டை போட்ட நாளெல்லாம் அந்தக் காரை ஓட்டப் போவது நீ. 256 போடு என்று எழுதும்போது அந்தக் காரில் நான் மட்டும்தான் இருக்கிறேன். மழையில் நனையாமல் கம்பெனிக்குப் போய் வருகிறேன்.

நீ பாக்கி எதையும் வைக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும். நான் காத்திருந்தது உண்மை, ஆனால் உன்னிடமிருந்து எதையும் வாங்குவதற்காக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுக்காகக் காத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அது உனக்குப் பாரமாக இருந்தது என்று தெரியவில்லை. முள்ளையும் அளவுக் கோட்டையும் பார்த்தே பழகிய கண் இது. எதிரில் கிராங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் முகத்தை அது பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை 288-ஐத் திரும்ப அளந்தேன். தனியாகத்தான். குப்புராஜ் வருகிறேன் என்றான், நான் வேண்டாம் என்றேன். ஒரு கையில் ரெஞ்ச், மறுகையை ஸ்டாண்டில் ஊன்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி டயலைப் பார்த்தேன். எனக்கு நானே "நில்லு" என்று சொல்லிப் பார்த்தேன். சொன்ன பிறகும் கை கொஞ்சம் போய்விடுகிறது. தாண்டிய ஒவ்வொரு தடவையும் பின்னால் திருப்பாமல் முழுச் சுற்று போய் வந்தேன். மதியம் வரை ஆயிற்று. தோள் கழன்றுவிடும் போல் வலித்தது.

108 வந்தது. நீ சொன்னபடியே. உன் தண்டில் ஒரு தவறும் இல்லை. இதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போல் இருந்தது. போனை எடுத்து உன் பெயர் வரை போய்விட்டேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

மாலையில் பெல்ட்டைக் கழற்றி, 288-ஐ வெளியே எடுத்து, எண்ணெய் தடவித் துணியில் சுற்றினேன். இரண்டு கேமும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. 14-ஆம் நம்பர் ஸ்பானரும் இருக்கிறது. உன் கைக்குப் பழகியது, அங்கே உனக்கு வேண்டியிருக்கும். எனக்கு முழு செட் வேண்டாம்.

ஏஞ்சல் இன்று காலை போன் செய்தாள். "என்னக்கா, கடைசியில எந்தக் கேம் போட்டீங்க?" என்றாள். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். அது பொய்.

வெளியே மேகம் கட்டியிருக்கிறது. ஏரி பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. ஷெட்டின் சுவரைத் தொட்டால் கை ஈரமாகிறது. இந்த மாதிரிக் காற்றில் சும்மா நிற்கும் இன்ஜினுக்கு என்ன ஆகும் என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் இரும்பில் ஒரு புள்ளி துரு இருந்தால் ரிஜெக்ட் முத்திரை குத்தியவள் நான்.

இன்று காலையும் எழுந்ததும் ஷெட்டுக்குப் போனேன். இரண்டு சுற்று. கேம் இல்லாததால் லேசாகச் சுற்றியது, எதையும் தூக்காமல், எதையும் திறக்காமல். அப்போதுதான் முடிவு செய்தேன். ஏஞ்சலுக்குத் தெரியாது, குப்புராஜுக்குத் தெரியாது, உன் அக்காவுக்குத் தெரியாது. இந்தப் பெட்டியைப் பிரிக்கும்வரை உனக்கும் தெரியாது.

நாளைக் காலை எழுந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பில் பால் வைக்கப் போகிறேன்.

வல்லி